பூச்சிகளை யாரும் எடுப்பதில்லை

என் அண்ணனை கேம் சென்டரில் எல்லோரும் 'பட்டியல்' என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்கு இல்லை, மரியாதைக்கு. அதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விளையாட்டு ஒன்றும் பிரமாதமில்லை. திரையில் காடு மேடெல்லாம் திரிகிற விசித்திரப் பிராணிகளைப் பிடிக்க வேண்டும், வளர்க்க வேண்டும், ஆறு ஆறாக அணி சேர்த்து அடுத்தவன் அணியோடு மோதவிட வேண்டும். நீர், மின்னல், கல், பனி, தீ, பூச்சி என்று அவற்றில் வகைகள் உண்டு. ஒரு வகை இன்னொன்றை அடிக்கும், வேறொன்றிடம் அடி வாங்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் புரிகிற சமாச்சாரம். இதற்குத்தான் என் அண்ணன் ஆராய்ச்சி பண்ணி, எந்த வகை உசத்தி எது மட்டம் என்று பட்டியல் போட்டு, பெரிய தாளில் அச்சடித்து, சென்டர் சுவரில் ஒட்டியிருந்தான். உச்சியில் நீர். அடியிலிருந்து இரண்டாவதாகத் தீ. ஆகக் கடைசியில் பூச்சி. பூச்சிக்கு எதிரே மட்டும் அவன் கைப்பட ஒரு வரி: 'எடுக்காதே. எடுத்தவனோடு கூட்டுச் சேராதே.'

நான் பூச்சி எடுப்பவள். அந்த வரியை எழுதியவனோடு கூடப் பிறந்தவள்.

பூச்சியை எல்லோரும் முதல் காட்டிலேயே பிடிப்பார்கள். வேறு எதுவும் அகப்படாதவரை அதை வைத்து ஒப்பேற்றுவார்கள். பெரிதாக, பளபளப்பாக ஒன்று கிடைத்ததும் பூச்சியைப் பெட்டியில் போட்டு மறந்துவிடுவார்கள். சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் நின்றுவிடுகிறதாம், தீ பட்டால் ஒரே அடியில் சுருண்டுவிடுகிறதாம், பார்க்கவும் லட்சணமாக இல்லையாம். இத்தனை குறை சொல்கிறவர்களில் ஒருவனாவது ஒரு பூச்சியை முழுசாக வளர்த்துப் பார்த்திருப்பானா? மாட்டான். பட்டியல் சொல்லிவிட்டது, அப்புறம் எதற்கு மூளையைக் கசக்க வேண்டும்? கடையில் தலையைக் கொடுத்து முடி வெட்டிக்கொள்கிற மாதிரி, இவர்கள் என் அண்ணனிடம் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு இந்த விளையாட்டு ஓய்வு நேரத்தில் மட்டும்தான். ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஈரப் படுக்கை விரிப்பைச் சூடான உருளைகளுக்கு நடுவில் ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் மொடமொடவென்று வரும். கொடுக்கிறவள் நான். அங்கே ஜன்னல் கிடையாது, உட்கார ஸ்டூல் கிடையாது, ஆவி மட்டும் தாராளம். கெண்டைக்காலில் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிட்டது. "நிக்கிற வேலைய விட்டுருங்கம்மா, இல்லன்னா ஆபரேஷன்ல கொண்டுபோய் விடும்" என்றார் டாக்டர். விட்டுவிட்டு என்ன செய்வது என்பதை அந்தப் புண்ணியவான் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் கேம் சென்டர் முதலாளி ஒன்று அறிவித்தார். பகல் முழுக்க உட்கார்ந்து, புதிதாக வருகிறவர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். போட்டி வைப்பார். ஜெயிப்பவருக்கு வேலை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அதற்காகவே ஒரு நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார். சுழலும், சாயும், காலை நீட்டிக்கொள்ளக் கீழே ஒரு மெத்தைப் பலகையும் உண்டு. யாரும் பார்க்காதபோது அதில் உட்கார்ந்து காலை நீட்டினேன். எழுந்திருக்க மனசு வரவில்லை. இது எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

என் அண்ணனும் பெயர் கொடுத்தான். அவன் செல்போன் கடையில் வேலை செய்கிறான். ஏசி அறை, உட்கார்ந்த இடத்தில் வியாபாரம். அவனுக்கு எதற்கு இந்த நாற்காலி என்று அம்மா கேட்டாள்.

"அவளுக்குக் கால் வலிடா. நீ விட்டுக்குடுத்தாதான் என்ன?"

"போட்டின்னா போட்டிதாம்மா. திறமை இருக்கறவன் உக்காரட்டும். பூச்சிய வெச்சுக்கிட்டு இவ முதல் ஆட்டத்தத் தாண்டறாளான்னு மொதல்ல பாப்போம்."

"தாண்டினா?" என்றேன்.

"தாண்டினா பட்டியலையே கிழிச்சுப் போட்டுடறேன், போ."

அடேங்கப்பா, என்ன வீரம்! நான் முதல் ஆட்டத்தைத் தாண்டினேன், அடுத்ததையும் தாண்டினேன். பட்டியல் சுவரிலேயேதான் இருந்தது.

நான் ஜெயித்ததில் மாயமந்திரம் எதுவும் இல்லை. நீர்தான் உசத்தி என்று அண்ணன் எழுதினான், எல்லோரும் நீரை எடுத்தார்கள். எல்லோரிடமும் நீர் இருப்பதால் தீ எடுத்தவனெல்லாம் அணைந்துபோனான். அதனால் தீயை ஒருவரும் எடுப்பதில்லை. பூச்சிக்கு உண்மையில் பயம் தீயிடம் மட்டும்தான். தீயே இல்லாத கூட்டத்தில் பூச்சி யாருக்குப் பயப்பட வேண்டும்? இது எனக்குத் தெரிந்தது. எதிரே உட்கார்ந்தவர்களுக்குத் தோற்ற பிறகும் தெரியவில்லை. "லக்குங்க, சும்மா லக்கு" என்று சொல்லிக்கொண்டே கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். அரையிறுதியில் தோற்ற கணக்காளர் ஒருவர் போய்ப் பட்டியலை இன்னொரு முறை படித்தார், ஐயோ பாவம்.

இறுதி ஆட்டம் எனக்கும் அண்ணனுக்கும்.

ஆட்டத்தன்று காலையில் அவன் குளிக்கப் போயிருந்தான். சாப்பாட்டு மேஜையில் அவன் போன் சார்ஜில் கிடந்தது. திரை அணையவில்லை. டீ டம்ளரை வைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். திரையில் ஒரு கரிமூக்கன் நின்றுகொண்டிருந்தது. கரிமூக்கன் தீ வகை. மூக்கிலிருந்து புகைவிடுகிற குட்டைப் பிராணி. பிடிப்பது சுலபம், வளர்ப்பது எமன். இது முழு வளர்ச்சி அடைந்திருந்தது. ஊண் உறக்கம் இல்லாமல் உட்கார்ந்தால்தான் அந்த உயரத்துக்கு வரும். பிராணிக்குச் செல்லப்பெயர் வைக்கலாம். அவன் வைத்திருந்த பெயர் 'பூச்சிமருந்து'.

என் ஆறும் பூச்சி. வேறு எதையும் நான் வளர்த்ததே இல்லை. இந்த ஒரு கரிமூக்கன் மேடை ஏறினால் என் ஆறும் வரிசையாகச் சாம்பல். நாற்காலி போச்சு, மறுபடி உருளை, மறுபடி ஆவி.

அங்கேயே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், 'காட்டில் விட்டுவிடு' என்று இருக்கும், அது போய்விடும். குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பொத்தானைப் பார்த்தேன். சீ, இப்படி ஜெயித்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அது முள்ளாகக் குத்தும். டம்ளரை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். கோபம் மட்டும் தலைக்கேறியது. என் பூச்சி மட்டம் என்று ஊருக்கு உபதேசம். வீட்டுக்குள் அதற்குப் பயந்து ராப்பகலாக மருந்து காய்ச்சியிருக்கிறான்!

சென்டரில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டத்துக்கு முன் இருவரும் மைக்கைப் பிடித்து, தங்கள் ஆறையும் பெரிய திரையில் ஒவ்வொன்றாகக் காட்டி, எதற்காக எடுத்தேன் என்று காரணம் சொல்ல வேண்டும். அதைக் கொண்டுவந்தவனே என் அண்ணன்தான். பட்டியலை மீறி எடுத்தவர்களை ஆட்டத்துக்கு முன்பே சபையில் வைத்து உரிக்க அவன் கண்டுபிடித்த ஏற்பாடு. ஒரு லாரி டிரைவர் ஒரு தடவை பனிக்கரடி ஒன்றைக் காட்டி, "பிடிச்சிருந்துது, எடுத்தேன்" என்றார். "பிடிச்சிருந்தா வீட்ல வெச்சுக் கொஞ்சுங்கண்ணே, இங்க ஏன் தூக்கிட்டு வந்தீங்க?" என்றான் இவன். கூட்டம் சிரித்தது. அந்த மனுஷன் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

சாயங்காலம் சென்டரில் நிற்க இடமில்லை. முக்கால்வாசி அவன் சீடகோடிகள். அண்ணன் மைக்கை வாங்கினான். முதலாவது ஆழிநாகம், நீர் வகை. இரண்டாவது மின்னல்கீரி. நான் திரையைப் பார்க்கவில்லை, அவன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவதுக்கு வந்தபோது விரல் நின்றது. கூட்டத்தில் அவன் பரம சீடன் ஒருவன், நல்ல எண்ணத்தில்தான், சத்தமாகக் கேட்டான்.

"பட்டியலண்ணே, எதிர்ல பூச்சியாச்சே! ஒரு தீ கீ எடுக்கலாமே?"

அண்ணன் கூட்டத்தைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். அங்கே அவன் கையெழுத்து.

"பூச்சிக்குப் போயி தீயா?" என்று சிரித்தான். "கொசு அடிக்க எவனாவது பீரங்கி தூக்குவானா? ஆறாவதும் நீர்தான்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எடுத்திருந்தால் நாற்காலி அவனுக்கு. அது அவனுக்கும் தெரியும். ஆனால் எடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். பூச்சிக்குப் பயந்து எடுத்தேன் என்று, தானே கொண்டுவந்த மைக்கில், தன் வாயால், தன் சீடர்கள் முன்னால். அதைவிடத் தோற்பது மேல் என்று முடிவு செய்துவிட்டான், தூ.

மைக் என் கைக்கு வந்தது. நூல்புழு, ஊசித்தும்பி, சாணிவண்டு என்று ஆறையும் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் சிரித்தார்கள்.

"காரணம்?" என்றார் முதலாளி.

"ஆறுக்கும் ஒரே காரணந்தான். இங்க யாருகிட்டயும் தீ இல்ல" என்றேன். "இருக்கறவங்களுக்கும் அதைக் கொண்டு வர்ற தைரியம் இல்ல."

அண்ணன் சடாரென்று திரும்பி என்னைப் பார்த்தான். காலையில் போனைத் திறந்துவைத்துவிட்டுக் குளிக்கப் போனது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆழிநாகம் சீறிக்கொண்டு வந்தது. நூல்புழு அதன் மேல் நூலைச் சுற்றிவிட்டுச் செத்தது. கட்டுண்டு கிடந்த நாகத்தின் ரத்தத்தை ஊசித்தும்பி நிதானமாக உறிஞ்சியது. மின்னல்கீரி சாணிவண்டின் ஓட்டில் அடித்து அடித்துக் களைத்துப்போனது. பூச்சி அப்படித்தான் ஆடும். அழகாக இருக்காது. கைதட்டல் குறைந்துகொண்டே போய், கடைசியில் பொத்தான் அழுத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. அவனுடைய ஆறாவது விழுந்தபோது என்னிடம் இரண்டு மிச்சம்.

"லக்கு" என்றான் பரம சீடன்.

"லக்குதான். வேற என்ன?" என்றான் என் அண்ணன். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை.

முதலாளிக்கு முகம் கோணிக்கொண்டது. பட்டியல் உட்கார்ந்தால் கூட்டம் வரும் என்று கணக்குப் போட்டிருப்பார். ஆனாலும் "சொன்னா சொன்னதுதான். திங்கக்கிழமையில இருந்து வந்துரும்மா" என்றார்.

வீட்டில் அவன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். அம்மா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"பாத்துட்ட, இல்ல?" என்றான்.

"பாத்தேன். எவ்வளவு கஷ்டப்பட்டு வளத்திருக்க. ஏன் எடுக்கல?"

"எல்லாரும் பாப்பாங்களே."

"பாத்தா?"

தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"நீ என் பூச்சியக் கேவலமா நெனச்சிருந்தா கூடப் பரவால்ல. பயந்திருக்க. பயந்ததையும் ஒளிச்சிருக்க. பூச்சிக்கு முதுகெலும்பு கெடையாதுன்னு சொல்வாங்க, ஆனா அது மேடைக்கு வந்துச்சு. உனக்கு என்ன கேடு?"

"போதும் நிறுத்து."

"நிறுத்தறேன். அந்தக் கரிமூக்கனக் குடு. திங்கக்கிழமைக்கு மட்டும்."

"எதுக்கு?"

"குடுன்னா குடு."

போனை எடுத்து அனுப்பிவைத்தான்.

சலவைப் பிரிவில் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். காலை நீட்டினேன். ஆஹா. எதிர்ச் சுவரைப் பார்த்தேன். புதுப் பட்டியல்! அண்ணன் ஞாயிற்றுக்கிழமையே மாற்றி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். உச்சியில் பூச்சி, ஆகக் கடைசியில் இப்போது தீ. பூச்சிக்கு எதிரே, 'நான் முன்பே கணித்தது' என்று வேறு எழுதியிருந்தான். கிழித்துப் போடலாமா என்று நினைத்து, அப்படியே விட்டுவிட்டேன்.

வந்தார்கள் சீடகோடிகள். என்னை "அக்கா அக்கா" என்றார்கள். பரம சீடன் முதல் ஆளாக எதிரே உட்கார்ந்து மைக்கை எடுத்து ஆறையும் காட்டினான். நூல்புழு, ஊசித்தும்பி, சாணிவண்டு, அச்சு அசல் என் அணி. ஒரு வாரம்கூட வளர்க்காத குஞ்சுகள்.

"எதுக்கு எடுத்த?" என்றேன்.

"பூச்சிதான்க்கா இப்ப டாப்பு. பட்டியல் போட்டாச்சே!"

என் முறை வந்தது. கரிமூக்கனைப் பெரிய திரையில் ஏற்றினேன். மூக்கிலிருந்து புகைவிட்டுக்கொண்டு அது நின்றது. கீழே அதன் பெயர், எழுத்து எழுத்தாக, எல்லோரும் படிக்கிற அளவில்: பூச்சிமருந்து.

முதலாளி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். "இது எங்கேர்ந்தும்மா? போட்டி அன்னிக்கு யாருகிட்டயும் இல்லையே?"

"இருந்துது" என்றேன். "வீட்ல இருந்துது."

பரம சீடனின் ஆறும் விழுந்தன. அடுத்தவன் வந்தான், அவனிடமும் அதே ஆறு, அதுவும் விழுந்தது. மூன்றாவது ஆளுக்கும் அதே கதிதான். ஒருவனுக்காவது அணியை மாற்றலாம் என்று தோன்றவில்லை, பட்டியலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கரிமூக்கனுக்குக் கைதட்ட ஆரம்பித்தார்கள். யாரோ ஒருவன் விசில் அடித்தான்.

அப்போதுதான் வாசலில் என் அண்ணனைப் பார்த்தேன். செல்போன் கடைச் சட்டையோடு, மதிய இடைவேளையில் வந்திருப்பான் போல. எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது. கைதட்டல் பலமானதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளின் தோளைத் தட்டினான்.

"அது நான் வளத்தது, சார்" என்றான். "சத்தியமா, நான் வளத்தது."