துண்டின் பொறுப்பில் ஒரு பிறந்த தேதி

குடிநீர் வாரியத்தின் அந்த அலுவலகத்தில் தகவல்களுக்கு வாரம் ஒருமுறை தண்ணீர் விட வேண்டும். விட்டால் எண்கள் வளரும். விடாவிட்டால் வாடி இறங்கும்.

எழுத்தர் பூங்கோதையின் பிறந்த ஆண்டு அப்படித்தான் அறுபத்தெட்டிலிருந்து அறுபத்தாறுக்கு இறங்கியிருந்தது. ஆகவே, இரண்டு ஆண்டு முன்னதாக, இன்று மாலை ஐந்து மணிக்கு அவருக்கு ஓய்வு. அவர் தெருவுக்குக் குழாய் போடும் கோப்பு பதினோரு ஆண்டாக அவர் மேசையில்தான் இருந்தது. அடுத்த ஆண்டு தண்ணீர் வரும். அந்தக் கோப்பைத் தன் கையால் முடிக்காமல் போவதாக இல்லை அவர்.

முதலில் சம்பளப் பிரிவு நசீமாவிடம் போனார்.

"எனக்குப் பார்க்க மட்டும்தான் உரிமை மேடம். போன மாசமே பார்த்தேன், வாட ஆரம்பிச்சிருந்துச்சு."

"பார்த்துட்டு?"

"பார்த்தேன்."

ஆவண அறையில் லாரன்ஸ் தண்ணீர்க் குடத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"தொடுற உரிமை என்னுதுதான். ஆனா தகவலோட உரிமையாளர் உத்தரவு இல்லாம ஒரு சொட்டு விட்டாலும் மெமோ."

"யாருய்யா உரிமையாளர்?"

"சிவக்கொழுந்து சார்."

கண்காணிப்பாளர் சிவக்கொழுந்து ஓய்வு பெற்று மூன்று ஆண்டாகிறது. அவர் துண்டு மட்டும் நாற்காலி முதுகில் கிடந்தது. துண்டு கிடக்கும்வரை இடம் அவருடையதே. பேருந்தில் உள்ள அதே விதிதான்.

இருவரும் துண்டின் முன் விண்ணப்பத்தை வைத்து நின்றார்கள். மின்விசிறிக் காற்றில் துண்டு இடவலமாக ஆடியது.

"மாட்டேங்கிறார்," என்றார் லாரன்ஸ்.

"காத்துல ஆடுதுய்யா அது!"

"காத்து இல்லாதப்ப அவர் எதுவும் சொல்றதில்லையே மேடம்."

"மூணு வருஷமா இதுவா உனக்கு மேலதிகாரி?"

"துண்டு போட்டவருக்குத் துண்டு எவ்வளவோ பரவாயில்ல மேடம்."

நாலே முக்காலுக்கு மாலையும் லட்டும் வந்து இறங்கின. பூங்கோதைக்குப் பொறுமை போயிற்று. துண்டை உருவி மடித்து அலமாரியில் வைத்தார். நாற்காலியில் தன் கைக்குட்டையைப் போட்டார். லாரன்ஸ் உடனே கைக்குட்டைக்கு வணக்கம் வைத்தார்.

"இப்ப கேளு," என்று பூங்கோதை மின்விசிறியை ஐந்தில் வைத்தார்.

கைக்குட்டை மேலும் கீழுமாகத் துள்ளியது.

"தாராளமா விடச் சொல்றாங்க," என்று லாரன்ஸ் குடத்தோடு கவிழ்த்தார்.

அறுபத்தாறு நிமிர்ந்தது. அறுபத்தெட்டானது. அங்கே நிற்கவில்லை. ஐந்து மணி அடித்தபோது இரண்டாயிரத்துப் பதினான்கில் வந்து நின்றது.

நசீமா எட்டிப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

ஓய்வு உத்தரவு கிழிக்கப்பட்டது. சின்னப் பிள்ளையை வேலைக்கு வைத்துக்கொள்ளவும் வழியில்லை. குழாய்க் கோப்பு, விதிப்படி, கைக்குட்டையின் பெயருக்கு மாறியது. நினைவுப் பரிசாக வாங்கிய சுவர்க்கடிகாரத்தைக் கடையில் கொடுத்து, லாரன்ஸ் ஒரு புத்தகப்பை மாற்றிக்கொண்டு வந்தார்.

பூங்கோதை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். அவரை அழைத்துப்போக மகன் வந்திருந்தான். வாயிற்காவலர் பேரேட்டை நீட்ட, பெற்றோர் என்ற இடத்தில் அவன் கையெழுத்துப் போட்டான்.

"வீட்டுப்பாடம் இருக்கா?" என்று கேட்டான்.

"கணக்கு மட்டும்," என்றார் பூங்கோதை.