வெறும் சூரியனில் ஒரு பொட்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சூரியனில் பெரிய வெடிப்பு என்று காலையில் செல்போன் கத்தியிராவிட்டால் இந்தக் கதையை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். 'குற்றாலமே சாரலுக்கு ஏங்கியபோது அவள் ஒருத்தி மட்டும் வெயிலுக்கு' என்று முதல் வரியைத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். அந்த அவள் நான்தான். பெயர் உமாராணி. குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறேன். சீசனில் வெயிலுக்கு ஏங்கினால் என் பிழைப்பில் மண் விழும்.

2

பாண்டிராஜுக்கு ஆலங்குளத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. கல்லூரியில் என்னோடு இயற்பியல் படித்தவன். பைனாகுலர் வழியாகச் சூரியனை வெள்ளை அட்டையில் விழவைத்து, அதில் தெரியும் கரும்புள்ளிகளை வரைந்துகொள்வோம். படிப்பு முடிந்தும் அந்தக் கிறுக்கு விடவில்லை. சாரல் மாதங்களில் குற்றாலத்தில் சூரியன் தலைகாட்டாது. ஆலங்குளத்தில் மண்டையைப் பிளக்கும். அதனால் அவன் பார்த்துப் போனில் சொல்வான், நான் வரைவேன். (சூரியனைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள்.)

"ஏட்டி உமா, ஒம்பது மணிப் பக்கம் ஓரத்துல ஒரு பொட்டு தெரியுது."

"பெருசாலே?"

"மிளகு தண்டி இருக்கு."

இதற்கு அரை நிமிடம் போதும். மீதி அரை மணி நேரம் என்ன பேசினோம்? [இங்கே ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். தேங்காய் விலையும் பஸ் கூட்டமும்தான். ஆனால் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.]

3

2019 சாரலின்போது சூரியன் பெரும்பாலும் வெறும் முகமாகவே இருந்தது. ஏறத்தாழ பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை அப்படி ஓய்ந்து கிடக்கும். ஒருநாள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை. அன்றும் அவன், "ஒரு பொட்டு இருக்குட்டி" என்றான். நான் கேள்வி கேட்காமல் வரைந்தேன்.

இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது இங்கேதான். லென்சில் அழுக்கு என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அழுக்கு நகராது. அவன் சொன்ன பொட்டோ, சூரியன் சுழல்வதற்கு ஏற்றபடி நாளுக்கு நாள் நகர்ந்து, இரண்டு வாரத்தில் மறு ஓரம் போய் மறைந்தது. இல்லாத பொட்டுக்குத் தினமும் கணக்குப் போட்டு இடம் வைத்திருக்கிறான். பொட்டு இல்லையென்றால் கூப்பிடக் காரணமும் இல்லை என்று பயந்திருப்பான், பாவி. எனக்கும் அதே பயம்தான்.

(எங்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. இதைச் சொல்லாவிட்டால் நீங்களாக வேறு கதை கட்டுவீர்கள்.)

4

சாரல் நின்றது.

"வெயில் வந்துட்டுல்லா. இனி நீயே பாத்துக்கிடுவியா?" என்றான்.

"பாத்துக்கிடுதேன்" என்றேன்.

அத்தோடு போன் வருவதும் நின்றது. அடுத்தடுத்த சாரலிலும் வரவில்லை. ஆறு வருஷம் ஆகிறது.

முதல் முடிவு: நடந்ததை நடந்தபடி விட்டுவிடலாம்.

இன்னொரு முடிவு: கதையில் அவள் கொளுத்தும் வெயிலில் நின்றுகொண்டு, "எங்கலே, இங்கன இன்னும் சாரல்தான். நீயே பாத்துச் சொல்லு" என்கிறாள்.

எதை வைப்பது என்று உங்களிடம் விடுகிறேன். என்னால் இதற்குமேல் எழுத முடியாது, அவன் நம்பரைப் போட்டுவிட்டேன். இன்று வானத்தில் மேகமே இல்லை. மொட்டைமாடியில் தலை காய நிற்கிறேன். ஆலங்குளத்துக்கு மணி போய்க்கொண்டிருந்தது. இப்போது எடுத்துவிட்டான்.

"உமாவா? என்னட்டி, அங்கன வெயிலா, சாரலா?"