மூன்றாவது மஞ்சள் ஒயர்

எங்கள் ஊரில் இறந்தவர்களின் குரல், அவர்கள் அதிகம் உட்கார்ந்து போன வண்டியின் ஹாரனுக்கு வந்துவிடும். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வரும். என் மனைவி சௌந்தரவல்லி என் மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவள்; அதனால் அங்கே வந்தாள். ரயில்வே கேட் மூடியிருக்கும்போது, காத்து நிற்கும் வண்டிகளிலிருந்து ஊரின் இறந்துபோன மூத்தவர்கள் எல்லோரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசுவது கேட்கும். காரணமில்லாமல் ஹாரனை அழுத்துவது மரியாதை இல்லை. நான் ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் அழுத்தியதில்லை.

குரல் தங்குவதற்குப் பேட்டரியில் பதினொன்றரை வோல்ட்டாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே போன குரல் யாருக்கும் திரும்பி வந்ததில்லை. ஆறு வருடம் நன்றாக இருந்தது. இந்தப் பங்குனியில் வல்லி பாதி வாக்கியத்தில் நின்றுபோக ஆரம்பித்தாள். "ஏங்க, அந்த மாடு..." என்பாள். மாடு எந்தப் பக்கம் என்பது வராது. மீட்டரை வைத்துப் பார்த்தேன். பதினொன்று புள்ளி எட்டு.

மெக்கானிக் ஆரோக்கியசாமியிடம் வண்டியைக் கொண்டுபோனேன்.

"பேட்டரி பழசாண்ணே?"

"போன மாசம்தான் மாத்தினேன்."

"அப்ப பேட்டரி மேல தப்பில்ல. ஊட்டற எடத்துல ஊட்டல."

இன்ஜினை ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். பதினாலைத் தொட வேண்டிய மீட்டர் பன்னிரண்டைத் தாண்டவில்லை. பேட்டரி முனைகளைச் சுரண்டினார். எர்த் ஒயரை இழுத்துப் பார்த்தார். பிறகு, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் மேக்னெட் காயிலிலிருந்து வரும் மூன்று மஞ்சள் ஒயர்களைக் கழற்றி, இரண்டிரண்டாக மீட்டரில் பிடித்தார்.

"ஒண்ணும் ரெண்டும் நாப்பது. ரெண்டும் மூணும் ஒண்ணுமில்ல. மூணும் ஒண்ணும் ஒண்ணுமில்ல. மூணாவது ஒயர்ல ஆளே இல்லண்ணே."

இன்ஜினை நிறுத்திவிட்டு மூடியைத் திறந்தார். காயிலில் மூன்றில் இரண்டு பங்கு இடத்தில் செம்புக் கம்பி சுற்றியபடி இருந்தது. மிச்ச இடத்தில் வெறும் இரும்பு. அங்கிருந்து பிரித்த கம்பியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒயர்கூடை பின்னி, ஓரமாக வைத்திருந்தது. சிவன் கண் முடிச்சு, வல்லி எப்போதும் கூடைக்குப் போடுவது.

"மூலையெல்லாம் கச்சிதமா வந்திருக்கு," என்றார் ஆரோக்கியசாமி. "எங்க அக்கா பின்னினா கோணிக்கும்."

ஹாரனை அழுத்தினேன்.

"கைப்பிடிதாங்க பாக்கி," என்றாள் வல்லி.

"கூடை எதுக்கு?"

"கெளம்பறதுக்கு. வெறுங்கையோடவா போறது?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீங்க ரோட்டப் பாத்து ஓட்டமாட்டீங்க."

அவ்வளவு பேசியதில் மீட்டர் பதினொன்று புள்ளி ஏழுக்கு இறங்கியது.

ஆரோக்கியசாமி அலமாரியிலிருந்து ஒரு புதுக் காயிலை எடுத்து என் கையில் கொடுத்தார். "இதப் போட்டா பதினாலு வந்துரும். அண்ணி இங்கயே இருப்பாங்க. கூடையப் பழைய செம்போட போட்டுரலாம். இல்லாட்டி, கைப்பிடிக்கு ரெண்டாவது சுத்துலேர்ந்து கம்பி எடுக்கணும். எடுத்தா சார்ஜே ஏறாது. குரல் இன்னும் அரை மணி நேரம்தான் தாங்கும்."

காயில் கனமாக இருந்தது. வல்லி இந்த ஆறு வருடத்தில் என்னென்ன பேசினாள் என்று நினைத்துப் பார்த்தேன். மாடு, பள்ளம், மணல் லாரி, வளைவு. ஒரு நாளைக்கு நாலு தடவை. வேறெதையும் பேச அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

காயிலை அலமாரியில் திருப்பி வைத்துவிட்டு ஹாரனை அழுத்தினேன்.

"எவ்வளவு கம்பி வேணும்?"

"ஆறு முழம். ரெட்டையாப் பின்னணும். கொண்டுபோறது கனம்."

ஆரோக்கியசாமி கம்பியைப் பிரித்து முழம் போட்டார். ஒரு முழம் கூடவே விட்டார். மூடியைப் போட்டு இன்ஜினை ஓடவிட்டோம். பின்னுகிற சத்தம் வெளியே கேட்கவில்லை. ஆளுக்கொரு டீ வந்தது. அவர் மீட்டரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். பதினொன்று ஆறரை. பதினொன்று ஆறு. பதினொன்று அஞ்சு என்றபோது டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய் அழுத்தினேன்.

"தோள்லேர்ந்து கைய எடுத்துக்கறேன்," என்றாள். வாக்கியம் முழுதாக வந்தது.

பிறகு அழுத்தியபோது ஹாரன் வெறுமனே கரகரத்தது.

இன்ஜினை நிறுத்தி மூடியைத் திறந்தார். கூடை இல்லை. வண்டியைத் துடைக்க ஆரம்பித்த ஆரோக்கியசாமி, கிலோமீட்டர் காட்டும் கண்ணாடி மேல் துணியை நிறுத்தினார். வரும்போது அதில் எழுபத்தோராயிரத்துச் சொச்சம் இருந்தது. இப்போது ஆறாயிரம்தான் இருந்தது.

"ஆறாயிரம் நீங்க தனியா ஓட்டினதா?"

"அவ போன பிறகு ஓட்டினது. அவ்வளவுதான் இருக்கும்."

"அப்ப சேந்து போனத மட்டும்தான் எடுத்திருக்காங்க," என்று சொல்லிவிட்டுப் புதுக் காயிலைப் பொருத்தினார். மீட்டர் பதினாலு புள்ளி ஒன்று காட்டியது.

வண்டியை எடுத்தேன். இரண்டாவது கியர் போடுவதற்குள் என் வீட்டு வாசல் வந்துவிட்டது. பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே நாங்கள் சேர்ந்து போய்வந்த ரோடு இல்லை; இப்போது ஒரு சுவர்தான். ஆரோக்கியசாமி ஸ்பேனரைக் கீழே போடும் சத்தம் சமையலறையில் கேட்டது.

கை கழுவக் கொல்லைக் கதவைத் திறந்தேன். அங்கே என் மாமனார் ஊர் இருந்தது. பொங்கலுக்கும் ஆடிக்கும் தொண்ணூறு கிலோமீட்டர் நாங்கள் சேர்ந்து போய்வந்த ஊர். வல்லியின் தம்பி தியாகராசு கொடியில் வேட்டியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

"செருப்பப் போட்டுக்கிட்டே வாங்க மாமா," என்றான். "இப்பத்தான் மாட்ட அவுத்தேன், சாணி கெடக்கு."

செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன்.