கதைத்துக்கொண்டே மூட்டிய நெருப்பு

யூரோக் என்றொரு மொழி இருப்பதே கஜந்திக்கு அந்த வாரம்தான் தெரியும். அமெரிக்காவில் ஏதோ ஓர் ஆற்றோரத்து மக்களின் மொழி. பேசுகிறவர்கள் மிகச் சிலர். அலுவலக இடைவேளையில் கைபேசியில் தற்செயலாகக் கேட்ட பதிவில் ஒரு பெண் நெருப்பு மூட்டுவதைப் பற்றிப் பேசினாள். அவ்வளவுதான். கீழே ஆங்கிலத்தில் பொருள் ஓடியது. ஒரு சொல்லும் தெரியாவிட்டாலும் அந்தக் குரலில் தடுமாற்றம் இல்லை என்பது கஜந்திக்குப் புரிந்தது.

அன்று மாலை, குவைத்தின் அப்பாசியாப் பகுதியிலிருந்த தன் வீட்டுச் சமையலறையில் நின்று அதையே தமிழில் சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது வாக்கியத்திலேயே ஆங்கிலம் வந்து நின்றது. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குக் குவைத்திலேயே பிறந்து, ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் கோபப்பட்டு வளர்ந்தவள். தமிழ் அவளுக்குக் காதில் மட்டும் இருந்தது. இப்போது வயிற்றில் ஆறு மாதம். பிள்ளையோடு தமிழில்தான் கதைப்பேன் என்று அவள் சொன்னபோது கணவன் நிருபன் சிரித்தான்.

"உமக்கே வராது. பிள்ளை என்ன செய்யும்?"

கேலிக்குத்தான் சொன்னான். அது உண்மையாக இருந்ததுதான் அவளை உறுத்தியது.

வெள்ளிக்கிழமை நிருபனின் சிநேகிதர்களோடு பாலைவனத்துக்குக் கோழி சுடப் போனார்கள். குளிர்காலத்தில் வழக்கம்தான். இம்முறை நெருப்பைத் தானே மூட்டப்போவதாகவும், மூட்டும்போதே அதைத் தமிழில் சொல்லிப் பதிவு செய்யப்போவதாகவும் கஜந்தி அறிவித்தாள்.

"கோழிக்கும் தமிழ் விளங்கோணுமோ, தங்கச்சி?" என்றார் நிருபனோடு வேலை செய்யும் கௌரிசங்கர்.

அவள் கைபேசியை மணலில் சாய்த்து வைத்தாள். வாக்கியங்களை வாரம் முழுக்க மனப்பாடம் செய்திருந்தாள். நான் குழி தோண்டுகிறேன், சுள்ளிகளை அடுக்குகிறேன் என்று செய்தி வாசிப்பதுபோல் தொடங்கினாள். வாய் முந்தி ஓடியது. கை பின்னால் வந்தது. நெருப்பு எரிகிறது என்று சொல்லி முடித்தபோது, அடியில் வைத்த காகிதம் மட்டும் கருகிக் கிடந்தது. யாரோ சிரித்தார்கள். கௌரிசங்கர் எண்ணெய்ப் போத்தலோடு எழுந்தார். அவள் வேண்டாம் என்று தடுத்துவிட்டு, மண்டியிட்டுக் கன்னம் வலிக்க ஊதினாள். கண் எரிந்தது. ஒருவழியாகப் பற்றியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பதிவைப் போட்டுக் கேட்டாள். ஊதலும் இருமலும் இருந்தன. இடையில் இரண்டு ஆங்கிலக் கெட்ட வார்த்தைகள்.

"பரவாயில்லையப்பா, பத்திட்டுதுதானே," என்றான் நிருபன். "கதையை வீட்டை போய்ச் சொல்லலாம்."

வீட்டில் போய்ச் சொல்லலாம்தான். மனப்பாடமாகக்கூடச் சொல்லலாம். ஆனால் பிள்ளை அழும்போது பாலை ஆற்றிக்கொண்டே சொல்ல வேண்டியதை எந்த வாரத்தில் மனப்பாடம் செய்வது? கை வேலையில் இருக்கையில் வாயில் எது வருகிறதோ, பிள்ளைக்கு அதுதானே போய்ச் சேரும்? அவள் இடுக்கியால் எரியும் கட்டைகளை வெளியே இழுத்தாள். மீதி நெருப்பின்மேல் மணலை அள்ளிக் கொட்டினாள்.

"என்னப்பா செய்யிறீர்?"

"நூத்திட்டன். திரும்ப மூட்டப்போறன்."

பசி உயிர் போகிறது, கலாஸ், போதும் என்று கௌரிசங்கர் முனகினார். குபூஸ் ரொட்டி இருக்கிறது, சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கைபேசியைத் திரும்ப வைத்தாள்.

"இந்தக் கட்டை சுடுது, தள்ளி வைக்கிறன். இப்ப சின்னச் சுள்ளி. இல்லை, காத்து இந்தப் பக்கத்தாலை வருது. அப்ப நான் இஞ்சாலை இருக்கோணும்."

ஐஸ் பெட்டியின் மூடியைத் தடுப்பாகப் பிடித்தாள். அதற்கான சொல் வரவில்லை. ஆங்கிலம் நாக்கு நுனியில் நின்றது. நிருபன் எடுத்துக் கொடுக்க வாய் திறந்தான். அவள் கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள். புகை முகத்தில் அடித்தது. அவள் அசையவில்லை.

"காத்தை வர விடாமல் மூடியாலை மறிக்கிறன்," என்றாள் கடைசியில். "பத்துது. கொஞ்சம் பொறு, இப்ப பத்தும்."

"என்னையோ?" என்றார் கௌரிசங்கர், வாயில் குபூஸோடு.

"உங்களை இல்லையண்ணா," என்று சொல்லிவிட்டு அவள் குனிந்து ஊதினாள்.