ஆபீசர் குடித்த தண்ணீர்

சவுரியம்மாளை நல்லவள் என்று தெருவே சொல்லும். அந்த நல்ல குணம்தான் அன்றைக்குக் குடியைக் கெடுத்தது.

ஆம்பூரில் அவர்கள் தெருவுக்கு இருந்தது ஒரே கிணறு. பக்கத்துத் தோல் மண்டிக்காரன் தோல் ஊறப்போடக் குழி வெட்டிய நாளிலிருந்து அதன் தண்ணீர் பழுப்பாகி நாறியது. போன மாதம் மட்டும் மூன்று குழந்தைகள் வயிற்றுப்போக்கில் போய்விட்டன. அவள் புருஷன் இருதயராஜ், வேலூர்க் காலேஜ் ஒன்றில் லேபரட்டரி வேலைக்காரன், இரண்டு வருஷமாக மனு மேல் மனு போட்டான். 1934 பங்குனியில்தான் சுகாதார ஆபீசர் வருவதாகத் தாக்கல் வந்தது.

வாயால் சொன்னால் எவன் நம்புவான்? பஸ் டிரைவர் கவுஸ் பாஷாவிடம் பழைய பேட்டரிகளை இரவல் வாங்கினான். கண்ணாடி ஜாடியில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, இரண்டு கரித்தகடுகளை இறக்கி, கம்பி கொடுத்தான். மின்சாரம் பாயப் பாய, மிதந்த அழுக்கெல்லாம் மெல்ல நகர்ந்து ஒரே தகட்டில் அப்பிக்கொண்டது. தண்ணீர் தெளிய இரண்டு நாள் ஆயிற்று. பேட்டரியும் அதோடு செத்தது.

"பாத்தியா, நாம குடிக்கிறது இன்னான்னு!" என்று தகட்டுச் சேற்றை மனைவிக்குக் காட்டினான். ஆபீசருக்கும் அதைத்தான் காட்டுவதாக இருந்தான்.

ஆபீசர் வந்ததும் அவரை வாசலில் உட்காரவைத்துவிட்டு, ஒரு வாளி இறைத்துவரக் கிணற்றுக்கு ஓடினான். வெயிலோ மண்டையைப் பிளந்தது.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார் ஆபீசர்.

சவுரியம்மாளுக்குக் கை கால் ஓடவில்லை. இந்தத் தெருக்காரர் கையால் எந்த ஆபீசர் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார்? பூரித்துப்போய், ஜாடியிலிருந்த தெளிந்த தண்ணீர் முழுவதையும் டம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

இருதயராஜ் வாளியோடு வந்தபோது அவர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி நல்லாத்தானேய்யா இருக்குது? லேசா உப்பு. இந்தப் பக்கம் எந்தக் கிணறு உப்பில்ல?"

"ஐயையோ, அது கரண்டு வச்சுப் பிரிச்ச தண்ணிங்க! கெணத்துத் தண்ணி இதோ வாளில இருக்குதுங்க! இந்தத் தகட்டப் பாருங்க!"

"அடிச்சேத்தக் கலக்கி மொண்டா எந்தத் தண்ணியும் இப்படித்தான் வரும். கரண்டு வெளக்கு எரிக்கும், தண்ணியத் தெளியவைக்குமா? எங்க, செஞ்சு காட்டு."

செத்த பேட்டரியை வைத்துக்கொண்டு எதைக் காட்டுவான்? உயிர் இருந்தாலும் இரண்டு நாள் ஆகுமே! ஆபீசருக்கு அரக்கோணம் போகும் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. 'குடிக்க உகந்தது' என்று எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"அடிப்பாவி, இன்னா காரியம்டி பண்ணிட்ட!"

"நம்ம வூட்ல வாய் தொறந்து கேட்டாரே. அந்தச் சாக்கடையையா குடுப்பேன்?" என்று அழுதாள் அவள்.

தான் இருந்திருந்தாலும் ஜாடியிலிருந்துதான் கொடுத்திருப்பான் என்று அவனுக்கே தெரிந்தது. அப்படியே இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டான். நாக்கு வறண்டது.

ஜாடி காலி. சவுரியம்மாள் அதே டம்ளரில் வாளித் தண்ணீரை மொண்டு கொடுத்தாள். வாங்கிக் குடித்தான்.