மணக்கும் துணி

கணவன் கேட்காமலே உதவி செய்தால் உடனே மகிழ்ந்துவிடக் கூடாது என்று, தொழிற்சாலையில் லேசரால் வெல்டு செய்யும் லேசர்காரிக்கு அன்று மத்தியானம்தான் தெரிந்தது. அலுமினியத் தகடுகளைத் துடைக்கும் வெள்ளைத் துணிகளை வீட்டுக்கு எடுத்துப் போய் வெறும் வெந்நீரில் அலசுவது அவள் வழக்கம். முந்தின நாள் அவள் அசந்து தூங்கிவிட, மனுஷன் அக்கறையாகத் துவைத்ததோடு நில்லாமல், துணி மெத்தென்று இருக்க ஊற்றுவார்களே, அந்த வாசனைத் திரவத்தையும் தாராளமாக ஊற்றியிருந்தான். காலையில் ஜலதோஷத்தில் அவளுக்கு மூக்கு அடைத்துக் கிடந்தது. மத்தியானம் சூடாக டீ குடித்ததும் திறந்துகொண்டது. கையிலிருந்த துணி கமகமவென்று மணந்தது. அவள் லேசரை நிறுத்தினாள்.

அலுமினியம் அப்படிப்பட்ட பிறவி. தகட்டில் துளி ஈரமோ பசையோ இருந்தால் போதும், லேசர் பட்டு உருகும்போது அதிலிருந்து கிளம்பும் வாயுவைக் குடித்துவிடும். சட்டென்று இறுகும்போது வெளியே விடாது. மேலே பார்த்தால் வெல்டு அழகாக இருக்கும், உள்ளே ரொட்டி மாதிரி துளை துளையாக இருக்கும். காலையிலிருந்து அவள் வெல்டு செய்தவையோ ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரின் சட்டங்கள். நோயாளியோடு படியிறங்கும்போது ஒரு வெல்டு விட்டுப்போனால்?

சோதனை அறையில் இருந்தவர் அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா. அவள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பதைப் பார்த்து, அடி ஓட்டையானால்தான் இவளுக்குத் திருப்தி என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பவர். இவரிடம் போய்த் தலைகுனிந்து நிற்பதா, வாயை மூடிக்கொண்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் ஸ்ட்ரெச்சர் கண்முன் வந்து நின்றது. போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

நாத்தனார் சிரிக்கவில்லை. அதே துணியால் துடைத்து வெல்டு செய்த சாம்பிள் துண்டை, உடையும்வரை இழுத்துப் பார்க்கும் இழுவை இயந்திரத்தில் மாட்டினார். உடைவது நிச்சயம், எங்கே உடைகிறது என்பதுதான் கேள்வி. வெல்டிலேயே உடைந்தால் அத்தனை சட்டங்களும் ஸ்க்ராப். லேசர் அறைப் பக்கம் இனி அவளை விடமாட்டார்கள். வெல்டைத் தாண்டி, சூட்டில் கொஞ்சம் வலு குறைந்த ஓரத்தில் உடைந்தால் பிழைத்தாள்.

இயந்திரம் இழுத்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். படாரென்று ஒரு சத்தம்.

"கண்ணைத் திறந்து பாரு" என்றார் நாத்தனார்.

ஓரத்தில்தான் உடைந்திருந்தது. வெல்டு கல் மாதிரி இருந்தது. நாத்தனாருக்கு அதுவும் போதவில்லை. காலையில் செய்த சட்டங்களையெல்லாம் எக்ஸ்ரேயில் வைத்துப் பார்த்தார். அங்கங்கே ஒன்றிரண்டு பொடித் துளைகள், அதுவும் அனுமதித்த அளவுக்குள்.

"துடைச்சதுக்கு அப்புறம் என்ன பண்ணின?"

"எப்பவும் போல ஸ்டீல் பிரஷ்ஷால தேய்ச்சேன், அண்ணி."

"எப்படித் தேய்ச்ச?"

"பாத்திரம் தேய்க்கிற மாதிரிதான்."

தகட்டின் மேல்தோலோடு வாசனைப் பசையும் உரிந்து போயிருக்கிறது. நாத்தனார் உடைந்த துண்டுகளை அவள் கையில் வைத்தார்.

"இனிமே உன் பாத்திரத்தைப் பத்தி நான் வாயே திறக்கல. என் தம்பியை மட்டும் துணிப் பக்கம் விடாதே."

லேசர்காரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும், துணி நல்லா மணந்ததா என்று கணவன் ஆசையாகக் கேட்டான். நன்றாகவே மணந்தது என்று சொல்லி, அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.