முதல் இரண்டு துண்டுகள் மட்டும்

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். கூடவே படிக்கும் நாத்தனார் சிட்டு, முதல் நாள் வாசலில் நின்று "அண்ணி, இங்க எடம் இருக்கு!" என்று கூவியதோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வகுப்பிலிருந்த தாடிக்காரன் ஒருவன் அண்ணி என்றான், காவலாளி அண்ணி என்றார். ஒருமுறை பேராசிரியரே வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு இருமிச் சமாளித்தார். பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு முப்பத்தாறு வயதில் முதுகலை படிக்க வந்தவள், இதையெல்லாம் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டாள்.

சிரிப்பு நின்றது கணினிக் கட்டமைப்புப் பாடத்தில். நிரல் பாதை இரண்டாகப் பிரியும் ஒரு கவைக்கு வரும்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று கணினியின் மூளையான செயலி முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். ஊகம் பலித்தால் நேரம் மிச்சம், பொய்த்தால் செய்த வேலையெல்லாம் குப்பை. யாருடைய ஊகமுறை நன்றாகப் பலிக்கிறதோ அவருக்கு முனைவர் படிப்பில் இடம். இருந்ததோ ஒரே இடம். கடைசி முடிவுகளைத் தர வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிவரை கெடு.

அண்ணி தொண்ணூற்றாறு சதவீதம் தொட்டால், அடுத்த வாரம் சிட்டு தொண்ணூற்றாறரை. சரி, கெட்டிக்காரப் பெண் என்று விட்டுவிடலாம். ஆனால் அண்ணி திங்கட்கிழமை தன் குறிப்பில் "ஊகத்துக்கு மூன்று அட்டவணை வைத்தால் என்ன?" என்று எழுதினாள்; புதன்கிழமை சிட்டு வகுப்பில் எழுந்து நின்று மூன்று அட்டவணை போட்டுக் காட்டினாள். குறிப்புக் கோப்பு இருந்தது, எல்லோருடைய திரையும் விசைப்பலகையும் நேரடியாக இணைந்த ஆய்வுக்கூடத்தின் பொதுக் கணினியில். இருவருக்கும் அடுத்தடுத்த நாற்காலி.

"என்னங்க, உங்க தங்கச்சி என் கோப்பைப் பாக்கறாளோன்னு தோணுது."

"அவளா? என் பென்சிலைத் தொடறதுக்கே கேட்டுட்டுத் தொடற பொண்ணு" என்றான் கணவன்.

தங்கைக்குப் பரிந்துகொண்டு வராமல் வேறு யாருக்கு வருவான் என்று அண்ணி நினைத்துக்கொண்டாள். வாய்ச்சொல்லை நம்புவதில் பயனில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அதற்கு அவள் படித்த படிப்பே கைகொடுத்தது.

செயலிக்குள் கேஷ் என்று ஒரு சின்ன நினைவகம் உண்டு. சற்றுமுன் தொட்டதெல்லாம் அதில் இருக்கும், கேட்டவுடன் வரும். மற்றவை வெளியே பெரிய நினைவகத்திலிருந்து மெதுவாக வரவேண்டும். பரணில் போட்ட டப்பா அடுப்பு மேடையில் இருந்தால் யாரோ எடுத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அண்ணி தன் கோப்பின் அறுபது துண்டுகளையும் கேஷிலிருந்து துடைத்தாள். ஒரு கணம் பொறுத்து, ஒவ்வொன்றாக வரிசையில் தொட்டு, வர எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தாள். சிட்டு விசைப்பலகையைத் தட்டும்போதெல்லாம் இந்தச் சோதனை நடந்தது.

ஏழு முறை அளந்தாள். ஏழு முறையும் முதல் இரண்டு துண்டுகள் மெதுவாக வந்தன, மற்ற ஐம்பத்தெட்டும் பறந்து வந்தன. முதல் இரண்டில் இருந்தது அண்ணியின் பெயரும் பதிவு எண்ணும்.

'என் பேரைப் பாக்கக்கூட முகமில்ல, அதைத் தாண்டிப் போய்ப் படிக்கறா' என்று அண்ணி பொருமினாள். மடியில் கனம் இருப்பவளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று தீர்மானித்துவிட்டாள். ஏழு அளவுகளையும் அச்செடுத்து, வியாழன் காலை பேராசிரியரிடம் கொடுத்தாள். விசாரணை முடியும்வரை சிட்டுவின் லாகின் முடக்கப்பட்டது.

அன்று மாலை சிட்டு வீட்டுக்குள் வந்ததும் வராததுமாக அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"யாரோ எம்மேல புகார் குடுத்திருக்காங்க அண்ணி. என் நிரலோட கடைசி ஓட்டம் ஓட்டவே முடியாது. அந்தத் தாடிக்காரனா இருக்குமோ?"

"தெரியலையே" என்றாள் அண்ணி. என்ன நடிப்பு என்று முதலில் நினைத்தாள். ஆனால் அழுகிறவளின் முதுகைத் தன் கை தட்டிக்கொடுப்பதைப் பார்க்க அவளுக்கே கூசியது.

வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணி. சிட்டுவின் நாற்காலி காலி. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அரிக்கிற இடத்தைச் சொறியாமல் இருக்க முடியுமா? அண்ணி இன்னொரு முறை அளந்தாள்.

முதல் இரண்டும் மெதுவாக. மற்றவை பறந்து வந்தன.

அப்படியானால் தாடிக்காரனா? எழுந்து போய்க் கணினியின் வலைக் கம்பியையே பிடுங்கினாள். இனி எந்தத் திருடனும் வெளியிலிருந்து வர வழியில்லை. மறுபடி அளந்தாள். அதே கதை. நாற்காலியில் உட்கார்ந்து, துண்டுகளை வரிசையாகத் தொடாமல் தாறுமாறாகக் கலைத்துத் தொட்டாள். அறுபதும் ஆமைபோல வந்தன. ஒருவரும் படித்திருக்கவில்லை.

அடுத்தடுத்து இரண்டு துண்டைக் கேட்டால், மூன்றாவது, நான்காவது என வரிசையாகக் கேட்பாள் என்று செயலியே ஊகித்து, கேட்பதற்கு முன்பே கொண்டுவந்து வைத்துவிடும். மூன்றாம் வாரப் பாடம் அது. அந்தத் தேர்வில் அவள் முழு மதிப்பெண் வாங்கியவள். ஏழு முறையும் அந்தக் கோப்பைத் தொட்டவள் அவளேதான். சிட்டு இல்லாத நேரத்தில் ஒரே ஒரு தடவை அளந்து பார்க்க அவளுக்குத் தோன்றவேயில்லை. பாடத்தின் வாசிப்புப் பட்டியலைத் திறந்தாள். ஐந்தாம் வாரத்தில், வகுப்பு முழுக்கப் படிக்கச் சொல்லித் தந்த கட்டுரையில், மூன்று அட்டவணை படத்தோடு இருந்தது.

ஓடினாள். பேராசிரியர் கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"லாகினை இப்பவே தெறக்கச் சொல்றேன். ஆனா தப்பான புகார்னு பதிவு பண்ணணும். அந்த எடத்துக்கு உங்க பேரை இனி எடுத்துக்க முடியாது."

"பதிவு பண்ணுங்க சார். சீக்கிரம் தெறங்க."

இரண்டரைக்கு சிட்டு மூச்சிரைக்க வந்தாள். "அண்ணி, தெறந்துட்டாங்க! யாரு புகார் குடுத்தாங்கன்னு ஏதாவது தெரிஞ்சுதா?"

"நான்தான் குடுத்தேன்."

சிட்டு சிரிக்கப் பார்த்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள், ஏழு அளவு, முதல் இரண்டு துண்டுகள், நேற்று முதுகைத் தட்டியது எல்லாம். மன்னிப்பும் கேட்டாள். சிட்டு உட்கார்ந்து, கடைசி ஓட்டத்தைத் தொடங்கினாள். அது ஓட இரண்டு மணி நேரம் ஆகும். பிறகு ஒரு தாளைக் கிழித்து எதையோ எழுதி நீட்டினாள்.

"என்ன இது?"

"என் கடவுச்சொல். என் கோப்பு எல்லாம் இதுல இருக்கு. ஒவ்வொண்ணா தெறந்து பாத்துக்கோங்க. இனிமே நேரம் அளந்து கஷ்டப்பட வேண்டாம்."

வேண்டாம் என்று சொல்லத்தான் அண்ணி வாயைத் திறந்தாள். அதற்குள் கை நீண்டு தாளை வாங்கிவிட்டது. சிட்டு அதைப் பார்த்தாள், திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.